கிளச் மிதிக்காத ஜாம்பி

கடிக்கிற ஜாம்பியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இது என் அப்பாவின் கட்சி. கடிப்பது எல்லா ஜாம்பிக்கும் பொது வேலை, எல்லாரும் செய்கிறதைச் செய்கிறவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார். செத்த பிறகும், உயிரோடு இருந்த காலத்தில் செய்த ஏதோ ஒன்றை விடாமல் செய்துகொண்டிருக்கிற ஜாம்பிதான் மனதில் நிற்குமாம். இதையெல்லாம் அவர் சொன்னது நன்றாக இருந்த காலத்தில். அப்போது அவருக்கு ஒரு வாய் இருந்தது. வீட்டில் வேறு யாரையும் பேசவிடாத வாய்.

அப்பா தனியார் பஸ் டிரைவர். திண்டுக்கல்லில் இருந்து சாணார்பட்டி வழியாக நத்தம் போகிற ரூட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கம்பெனி வண்டியை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாற்று டிரைவர் உண்டு. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படங்கள் வரும். எந்த நாட்டு நகரமோ எரிந்துகொண்டிருக்கும், அந்த ஊர்ப் போலீஸ்காரர் நம்மூர் ஆள் மாதிரி "ஓடுங்கடா டேய், பொணம் எந்திரிச்சு வருது" என்று கத்துவார். அப்பா ரசித்துச் சிரிப்பார்.

படத்தின் பெயர் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஜாம்பிகளுக்கு மட்டும் அப்பா பெயர் வைத்துவிடுவார். ஒருத்தி குடைக்காரி. ஊரே பற்றி எரியும்போது கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கிழிந்த குடையைத் தலைக்கு நேராகப் பிடித்தபடி நடந்துபோவாள். இன்னொருத்தன் வரிசைக்காரன். மற்ற ஜாம்பிகள் எல்லாம் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய, அவன் மட்டும் கல்லாவுக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நிற்பான். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தவன் சாவிக்காரன். தன் வீட்டு வாசலில் நின்று, விரல் பாதி போன கையால் சட்டைப் பையில் சாவியைத் தேடிக்கொண்டே இருப்பான். உள்ளே அவன் பெண்டாட்டி பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியில் மட்டும் அப்பா சிரிக்க மாட்டார். "வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கான் பாவம்" என்பார்.

எனக்குக் கல்யாணமானபோது இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மறுவீட்டு விருந்தன்று நானும் அம்மாவும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, மாமனாரும் மருமகனும் டிவி முன்னால் உட்கார்ந்து, மெதுவாக நடக்கிற ஜாம்பி உசத்தியா ஓடுகிற ஜாம்பி உசத்தியா என்று மணிக்கணக்கில் பேசினார்கள். "ஓடுறவன் என்ன மாப்ள ஜாம்பி, அவன் திருடன்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். கறிக்குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். என் அப்பாவோடு உட்கார்ந்து சிரிக்கிற ஆள் எனக்குப் புருஷனாக வாய்த்திருக்கிறான் என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் காலேஜ் படிக்கும்போது ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்து, சிறுமலை அடிவாரத்துக் காலி மைதானத்தில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரப் பார்த்தார். எட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கிளச்சை மிதிக்காமலே கியரைப் பிடித்து இழுப்பேன். வண்டி கதறும், அப்பா அதைவிடப் பெரிதாகக் கதறுவார். "கிளச்ச மிதி தாயி! கிளச்ச மிதி!" என்று தன் இடது காலால் ஜீப்பின் தரையைத் தொம் தொம் என்று மிதிப்பார். ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை, போதும்ப்பா, நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரரும் என் ஜாதிதான், கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி தெரியாது.

வண்டிதான் வரவில்லை, எழுத்து வந்தது. பத்திரிகையில் என் பெயரோடு ஏதாவது வந்தால், அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து டிரைவர் சீட்டுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். சாணார்பட்டியில் வண்டி நிற்கும்போது கண்டக்டருக்கு வாசித்துக் காட்டுவாராம்.

பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில், வண்டியைக் கிளப்பப் போகும்போது அவருக்கு வாதம் அடித்தது. வண்டி நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. பேச்சு மொத்தமாகப் போய், ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "போலாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம், டிவி சத்தத்தைக் குறை என்றாலும் போலாம், அம்மா மேல் கோபம் வந்தாலும் போலாம். குரலை வைத்து நாங்கள் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டோம். எழுத்துக் கூட்டிப் படிப்பதும் அவருக்கு வராமல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். காலையில் பேப்பரை மடியில் விரித்து வைத்திருப்பார், ஆனால் படங்களை மட்டும்தான் பார்ப்பார்.

அம்மாவையும் அப்பாவையும் எங்கள் வீட்டோடு கூட்டிவந்துவிட்டோம். கூட்டிவர வேண்டும் என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். அப்பாவைக் குளிப்பாட்டுவதில் பாதி நாள் அவர் முறை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

ஆறு மாதத்தில் அப்பா நடக்கத் தொடங்கினார். வலது கால் தானாக மடங்காது. இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரை வட்டம் போட்டு இழுத்து முன்னால் வைப்பார். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாலடி வைத்ததும் நிற்பார். நின்ற இடத்தில் இடது கை காற்றில் ஒரு கம்பியைப் பிடித்து, முன்னால் தள்ளி, பின்னால் இழுக்கும். கியர் மாற்றுகிறார். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி வரும். பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் முதல்முறை பார்த்தபோது, நல்லதுதான், அவருக்கு அது ஒரு பிடிமானம், தடுக்காதீர்கள் என்று சொன்னாள். "கிளச்சும் கியரும் இருக்கு, ஆக்சிலேட்டரும் பிரேக்கும்தான் போயிருச்சு" என்று அம்மா வந்தவர்களிடம் எல்லாம் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

எங்கள் தெரு நத்தம் ரோட்டில் போய் முட்டுகிறது. முட்டுகிற இடத்தில் பஸ் நிறுத்தம். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்பா அங்கே நடந்துபோவார். விழுந்த பக்கத்தில், அதாவது அவருடைய வலது பக்கத்தில், நான் நடப்பேன். அவர் சாய்ந்தால் என் தோளில்தான் சாய வேண்டும். அஞ்சேகாலுக்கு அவர் ஓட்டிய பஸ் வரும். இப்போது ஓட்டுகிற டிரைவர் அப்பாவைப் பார்த்ததும் நீளமாக ஒரு ஆரன் கொடுப்பார். அப்பா இடது கையைத் தூக்குவார். அவ்வளவுதான் விஷயம். அதற்காக அந்த மனுஷன் போக நூறடி, வர நூறடி நடந்தார். இந்த நடை நின்றால் கால் இறுகிவிடும், பிறகு கட்டில்தான் என்று பிசியோதெரபிப் பெண் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். அதனால் மழை பெய்தாலும் அஞ்சு மணிக்கு நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓடிவந்துவிடுவேன்.

இப்படி ரெண்டு வருஷம் போனது. ஒருநாள் என் வீட்டுக்காரர் கடைக்கு உடைந்த போனோடு ஒருத்தர் வந்தார். சினிமாவில் உதவி இயக்குநராம். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற நூல் மில்லில் ஒரு ஜாம்பிப் படம் எடுக்கிறார்கள், கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார். போனைச் சரிபண்ணித் தருவதற்குள் என் வீட்டுக்காரர் ஜாம்பியாகிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, "மாமா, நான் ஜாம்பியா நடிக்கப்போறேன்" என்று சொன்னார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போலாம், போலாம்" என்று அவர் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அம்மாவிடம், "அத்த, மாமாவோட பழைய காக்கிச் சட்ட ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்று கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா பீரோவைத் திறந்து, பழைய சட்டை எதையும் எடுக்காமல், ஆயுத பூசைச் சட்டையை எடுத்துக்கொடுத்தாள். அப்பா படுத்த பிறகும் அம்மா ஆயுத பூசையை விடவில்லை. வண்டி இல்லாவிட்டால் என்ன, காக்கிச் சட்டையை மடித்துப் பலகையில் வைத்து, அதன் பையின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவாள். அந்தச் சந்தனக் கறை துவைத்தாலும் போகாது. "இது ராசியான சட்ட மாப்ள. மொதமொதல்ல நடிக்கப் போறீங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். மருமகனுக்கு நல்லது நடக்கட்டும் என்று கொடுத்தவள். அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

படம் தியேட்டருக்கு வரவில்லை. சில மாதம் கழித்துப் போனில் பார்க்கிற மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை டிவியில் போட்டுக் காட்ட என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அப்பாவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியைச் சரிசெய்துவிட்டு, காலடியில் அவரே உட்கார்ந்துகொண்டார். "நான் வர்ற எடம் கடைசியில மாமா. சொல்லமாட்டேன், நீங்களே கண்டுபிடிங்க" என்றார்.

கண்டுபிடிக்க வேண்டிய சிரமமே இல்லை. மில்லின் பெரிய கதவு உடைகிறது, ஜாம்பிக் கூட்டம் உள்ளே பாய்கிறது. எல்லாம் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டு வருகிற வழக்கமான கூட்டம்தான். கூட்டம் கடந்துபோன பிறகு, காலியான வாசலில் ஒருத்தன் தனியாக வருகிறான். காக்கிச் சட்டை. வலது காலை அரை வட்டம் போட்டு இழுக்கிறான். வலது கை நெஞ்சில் ஒட்டியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் தொங்குகிறது. நாலடி வைத்ததும் நிற்கிறான். இடது கையால் காற்றில் கியர் மாற்றுகிறான். மறுபடி நடக்கிறான். கேமரா அவன் சட்டைப் பைக்குப் பக்கத்தில் போகிறது. சந்தனக் கறை டிவி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையைக்கூடத் தட்டினார். பிறகு ஒவ்வொருத்தராக அப்பாவைப் பார்த்தார்கள், சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார். "போலாம்! போலாம்!" என்று கத்தினார். மறுபடி மிதித்தார். அவ்வளவு கோபமாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் டிவியை அணைத்தேன். வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே, "மாமாவுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார். பிடிக்குமாம். ஒரு மனுஷனைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு, அவன் உடம்பைத் திருடிக்கொண்டுபோய் ஊர் சிரிக்க ஆடிக் காட்டிவிட்டு, அவன் காலடியிலேயே உட்கார்ந்து கைதட்டலுக்குக் காத்திருக்கிறவனை என்னவென்று சொல்வது? என் வீட்டுக்குள்ளேயே, என் சட்டையைக் கேட்டு வாங்கி, என் முதுகில் குத்திவிட்டான் என்று தோன்றியது. அப்பாவின் சட்டை என்று எழுத வேண்டும், கை என் சட்டை என்று எழுதுகிறது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அஞ்சு மணிக்கு அப்பா எப்போதும்போலக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் ரெண்டு பேர் அவர் வருவதைப் பார்த்ததும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கியர் ஜாம்பி என்று அதற்கு ஒரு பெயர் வேறு. "அந்தாளுதான்டா இது, ஒரிஜினல்" என்று ஒருத்தன் சொன்னது எனக்குக் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டிருக்கும். பேச்சுத்தான் போனது, காது போகவில்லை. அப்பா பாதி வழியில் நின்றார். கியர் மாற்றத் தூக்கிய இடது கையைக் கீழே போட்டுவிட்டார். பஸ் வருவதற்கு முன்பே திரும்பிவிட்டோம்.

மறுநாள் அஞ்சு மணிக்கு நான் வந்து நின்றபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்து நாள் ஆனது. அஞ்சேகாலுக்கு நத்தம் ரோட்டில் இருந்து ஆரன் சத்தம் வரும், வழக்கத்தைவிட நீளமாக வரும், அப்பா கண்ணை மூடிக்கொள்வார். பிசியோதெரபிப் பெண் வந்து காலை மடக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள். "அக்கா, கால் இறுகுது. இன்னும் பத்து நாள் இப்படியே விட்டீங்கன்னா நான் வந்து பிரயோசனம் இல்ல" என்றாள்.

அந்தப் பத்து நாளும் நான் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. அம்மா மட்டும் காலையில் முதல் காபியை அவருக்குத்தான் கொடுத்தாள். மருமகனுக்கு முதல் காபி கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. பிசியோதெரபிப் பெண் போன கையோடு நேராகக் கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ போனைத் தோண்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமான நாளில் இருந்து வாங்க போங்கதான். அன்றைக்கு அது போய்விட்டது.

"எங்கப்பா நடைய எடுத்து வித்துட்டியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன். "ரெண்டு வருசமா அவரக் குளிப்பாட்டுறப்ப இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார். "நான் மாமாகிட்ட இருந்து எடுக்கலம்மா. உங்கிட்ட இருந்துதான் எடுத்தேன்."

இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. மறக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

படம் எடுக்க வருவதற்குப் பல மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அப்பா அன்று ரெண்டு முறை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். ரெண்டு முறை தரையைத் துடைத்தேன், ரெண்டு முறை வேட்டி மாற்றினேன். போலாம் போலாம் என்று கத்திக்கொண்டே இருந்தார், என்ன வேண்டும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருவழியாகத் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு மாமா?" என்று கேட்டார். வலது கையை நெஞ்சில் மடக்கிக்கொண்டேன். வாயைக் கோணினேன். காலை அரை வட்டம் போட்டு இழுத்து அடுப்பில் இருந்து சிங்க் வரைக்கும் நடந்தேன். நடுவில் நின்று இடது கையால் கியர் மாற்றினேன். "போலாம்" என்றேன், அப்பா குரலிலேயே.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு முறை செய் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் இன்னொரு முறை நடந்து காட்டினேன்.

"நீ நடந்ததுதான் எனக்கு மனசுல நின்னுச்சு," என்றார் கடையில். "மில்லுல நடந்து காட்டச் சொன்னப்ப அதுதான் கால்ல வந்துச்சு. மாமா சொல்ற மாதிரி, உசுரோட இருந்தப்ப செஞ்சத விடாம செய்யுற ஜாம்பி. அவருக்கு மரியாத பண்றதாத்தான் நெனச்சேன்." நான் வெளியே வந்தேன். கடையில் இருந்து வீடு வரை நடந்தே வந்தேன். வழியில் எத்தனை பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ தெரியாது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் காக்கிச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனார். அம்மாவும் நானும் அடுப்படி வாசலில் நின்றிருந்தோம். சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, தப்புப் பண்ணிட்டேன். நானா யோசிச்சு, நானாத்தான் பண்ணுனேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. என்னயத் திட்டிருங்க" என்றார்.

வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. எனக்கு ரெண்டடிதான் தூரம். இல்லப்பா, நான்தான், அடுப்படியில நான்தான் முதல்ல ஆடுனேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரோகி என்று பத்து நாளாக யாரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேனோ அந்த மனுஷன் என் பங்கையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்பா மருமகனின் தலையில் இடது கையை வைத்தார். அப்புறம் சட்டையைக் காட்டினார். "போலாம்." அம்மா ஓடிப்போய்ச் சட்டையைப் போட்டுவிட்டாள். விழுந்த கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, பட்டன் போட்டாள். உடம்பு வற்றிப்போனதில் சட்டை தொளதொளவென்று இருந்தது. மணி அஞ்சு. நான் பழக்கம்போல வலது பக்கம் போய் நின்றேன். பத்து நாள் படுத்ததில் கால் கனத்துப்போயிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் மொத்தப் பாரமும் என் தோளில் வந்து இறங்கியது. மருமகன் பின்னால் வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அன்றும் ஒருத்தர் போனைத் தூக்கினார். அப்பா அவரைப் பார்த்தார். நின்றார். இடது கையைத் தூக்கினார், கியரைப் பிடித்தார். ஆனால் தள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் கியரைத் தள்ளினார். பிறகுதான் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார், மறுபடி கியர். புரிந்ததா என்று கேட்கிற மாதிரி என்னையே பார்த்தார்.

டிவி முன்னால் அவர் காலை உதைத்துக் கத்தியது எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரையில் வந்த ஜாம்பி கிளச் மிதிக்கவில்லை. அப்பா கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் முதலில் அழுந்தும். ரெண்டு வருஷம் அவருடைய வலது பக்கமே நடந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அடுப்படியில் நான் ஆடியபோது கிளச்சை விட்டுவிட்டேன், என்னைப் பார்த்து ஆடியவரும் விட்டுவிட்டார். கிளச்சை மிதிக்காமல் கியரை இழுக்கிறது யாருடைய பழக்கம் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். எட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு.

பஸ் வந்தது. டிரைவர் ஆரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அப்பா காக்கிக் கையைத் தூக்கிக் காட்டினார். திரும்பி வரும்போது எப்போதும்போல என் தோளில்தான் சாய்ந்தார், துளிகூடப் பாரத்தைக் குறைக்கவில்லை. நான் இன்றுவரை அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இப்போது படிக்க வராது, இது அவர் கண்ணில் பட்டாலும் ஒன்றுமில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அந்தத் தைரியம் இல்லை. நான் எழுதுவதற்கு முன்பே அவர் படித்துவிட்டார்.